"அவ இன்னைக்கு ஆட மாட்டா"னு சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆச்சு

கடலூர்ல ஒரு காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் பிசியோவா 2015ல சேந்தேன். காலேஜ் பேரு வேணாம். சேந்து மூணாவது மாசம் நடந்தத முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா இந்த வேலைல நான் கத்துகிட்டதுல பாதி அந்த ஒரு சாயங்காலத்துல இருந்து வந்ததுதான்.

ஃபுட்பால் செமி ஃபைனல். எங்க லெஃப்ட் பேக் பொண்ணு, செகண்ட் இயர், முந்தின வாரமே கணுக்கால் பிசகி வீங்கியிருந்துச்சு. வார்ம் அப்ல ஒத்தக் கால்ல குதிக்கச் சொல்லிப் பாத்தேன், மூஞ்சி சுருங்குது, கீழ எறங்கும்போது முட்டி உள்பக்கமா மடங்குது. ஆடக்கூடாதுனு எனக்குத் தெரியும். ஆனா கோச் சார்கிட்ட போயி "சார், கொஞ்சம் பாத்துக்கலாமா"னு இழுத்தேன், அவ்ளோதான். அவரு "டேப் போட்டு விடும்மா, பொண்ணே ஆடணும்கிறா"னாரு. அவளும் "அக்கா ப்ளீஸ்க்கா"ன்னா. போட்டு விட்டேன். இருவது நிமிஷம் கூட ஆகல, யாரும் மேல இடிக்கல, தனியா ஓடிட்டு இருந்தவ சடார்னு திரும்புனா, அப்படியே முட்டியப் புடிச்சிகிட்டு உக்காந்துட்டா. உள்ள 'டப்'புனு ஏதோ அறுந்த மாதிரி இருந்துச்சுக்கான்னு பின்னாடி சொன்னா. ஏசிஎல் கிழிஞ்சிருச்சு.

அவ அப்பா தேவனாம்பட்டினத்துல போட்டுல கடலுக்குப் போறவரு. ஸ்கேன் ரிப்போர்ட்ட கையில வச்சிகிட்டு என்னைப் பாத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு: "நீங்க முன்னாடியே பாத்தீங்கல்ல மேடம்?" கோவமாக்கூட கேக்கல. பாத்தேன்ணே, பாத்துட்டுதான் விட்டேன்னு எப்படிச் சொல்றது. இன்னைக்கும் அந்தக் கேள்வி என்கூடவே இருக்கு.

ஏசிஎல்ங்கிறது முட்டிக்குள்ள தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்கால இழுத்துப் புடிச்சிட்டு இருக்குற நார். பெரும்பாலும் யாரும் இடிச்சு அது கிழியிறது கிடையாது, ஓடுறவங்க சட்டுனு நின்னு திரும்பும்போதும் குதிச்சு எறங்கும்போதும்தான் போகுது. பசங்களோட ஒப்பிட்டா பொண்ணுங்களுக்கு இது குறைஞ்சது ரெண்டு மடங்காவது அதிகம்னு ஆராய்ச்சிங்க திரும்பத் திரும்பச் சொல்லுது. ஆபரேஷன் பண்ணாலும் 9 மாசத்துக்கு முன்னாடி கிரவுண்ட்ல எறக்குனா மறுபடி கிழியிற ஆபத்து ரொம்ப ஜாஸ்தி. காலேஜே மூணு வருஷம்தான், அதுல 9 மாசம்னா யோசிச்சுப் பாருங்க. அந்தப் பொண்ணு திரும்ப ஆடவே இல்ல.

அதனால இந்த ஃபீல்டுக்கு வர நினைக்கிற தங்கச்சிங்க கேட்டா நான் சொல்றது இதான்: டேப் ஒட்டுறதும் ஐஸ் வெக்கிறதும் ஆறு மாசத்துல கைக்கு வந்துரும், "இவ இன்னைக்கு ஆட மாட்டா"னு நீங்க சொன்னா அது செல்லுபடி ஆகணும், அதுக்குதான் வருஷக்கணக்குல ஒழைக்கணும்.

நம்ம ஊர்ல இந்த வேலைக்கு சரியான பேரே இல்ல. டிரெய்னர்னா எந்த ஜிம்முன்னு கேப்பாங்க, பிசியோன்னா கரண்ட் வெக்கிறவங்களான்னு கேப்பாங்க. அமெரிக்கால அத்லெட்டிக் டிரெய்னர்னு தனிப் படிப்பு, தனி லைசென்ஸ் எல்லாம் இருக்கு, காலேஜ் டீமுக்கு அடி படாம பாத்துக்குறது, பட்டா முதல்ல ஓடுறது, திரும்ப ஆட வெக்கிறது எல்லாம் அவங்க வேலை. அவங்களோட தேசியச் சங்கம் 1950ல ஆரம்பிச்சது, அதுக்கு முதல் பெண் தலைவரா ஜூலி மேக்ஸ் வந்தது 2000ல. நடுவுல 1972ல டைட்டில் நைன் சட்டம் வந்து காலேஜ்ல பொண்ணுங்க விளையாட்டுக்கும் கதவு தொறந்துச்சு, அப்பவும் தலைவர் நாற்காலிக்கு வர அம்பது வருஷம். இதப் படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி தெம்பாவே இருந்துச்சு, நாம லேட்டுனு நினைக்க வேணாம்னு. இன்னொண்ணு, அங்க காலேஜ் விளையாட்ட நடத்துற என்சிஏஏல, ஆடலாமா வேணாமான்னு மருத்துவப் பக்கம் எடுக்குற முடிவ கோச் மாத்த முடியாதுனு ரூலாவே வச்சிருக்காங்க. நம்மகிட்ட அந்த ரூல் இல்ல, அப்ப நாமளா ஒண்ணு உண்டாக்கணும்.

நான் உண்டாக்குனது ஒரு நோட்டு. நெஜமாவே 200 பக்க லாங் சைஸ் நோட்டு. தேதி, பேரு, எங்க வலி, பத்துக்கு எவ்ளோ வலி, ராத்திரி தூங்கினாளா, காலைல சாப்டாளா, நான் என்ன சொன்னேன், கடைசில மூணுல ஒண்ணு: முழுசா ஆடலாம், பாதி பிராக்டிஸ், ஆடக்கூடாது. பக்கத்துல பிளேயர் கையெழுத்து. முதல் ஒரு மாசம் எல்லாரும் "என்ன மேடம் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி"ன்னாங்க. நான் விடல. தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிரவுண்ட் ஓரம் ஒரு பிளாஸ்டிக் சேர், ஒரு தெர்மாகோல் பெட்டி, இந்த நோட்டு. மழை பேஞ்சாலும் போயி உக்காருவேன்.

ஒரு சீசன் முடிஞ்சு உக்காந்து புரட்டுனா ரெண்டு விஷயம் பளிச்சுனு தெரிஞ்சுது. கணுக்கால் பிசகுனதுல முக்காவாசி கிரவுண்ட்ல ஒரே மூலைல, வடக்கால கோல் போஸ்ட் பக்கம். கார்த்திகை மழைல தண்ணி நின்னு பள்ளம் விழுந்த எடம். பிரின்சிபால்கிட்ட நோட்டக் கொண்டு போயி காமிச்சேன், பேச்சே இல்ல, அடுத்த வாரம் ரெண்டு டிராக்டர் செம்மண் வந்து எறங்குச்சு. அதுக்கு முன்னாடி வாயால பத்து வாட்டி சொல்லியிருப்பேன், ஒரு கூடை மண்ணு கூட வரல.

ரெண்டாவது, அடி பட்டதுல பாதிக்கு மேல பிராக்டிஸ்ல பட்டது, அதுவும் முதல் கால் மணி நேரத்துல. அத வச்சுதான் கோச் சார்கிட்ட ஃபிஃபாவோட 11 பிளஸ் வார்ம் அப்புக்கு சம்மதம் வாங்குனேன். 20 நிமிஷம், பைசா செலவில்ல, ஓட்டம், பேலன்ஸ், தொடைக்கான பயிற்சி, குதிச்சு எறங்குறப்ப முட்டி உள்ள மடங்காம எறங்குற பழக்கம், எல்லாம் அதுலயே இருக்கு. "இருவது நிமிஷம் வேஸ்ட்"னவரு பின்னாடி அவரே விசில் ஊதி ஆரம்பிச்சு வெப்பாரு. கோச்ச எதிரியா நினைக்காதீங்கனு இதுக்குதான் சொல்றேன், அவருக்கும் பொண்ணுங்க மேல பாசம் இருக்கு, ஆனா அவரு சம்பளம் டீம் ஜெயிக்கிற கப்ப வச்சுதான் பேசப்படுது. ஆத்திரத்துல சண்ட போட்டிருந்தா நான் மூணே மாசத்துல வீட்டுக்குப் போயிருப்பேன்.

அடுத்து சுளுக்கு ஆயா. நம்ம பக்கம் கால் பிசகுனா முதல்ல பிசியோகிட்ட யார் வரா? எண்ணெ போட்டு உருவி விட ஆயாகிட்டதான் போவாங்க, இல்லன்னா புத்தூர் கட்டு. எங்க பொண்ணுங்க வீட்ல எல்லாம் அதான். முதல் வருஷம் "போகாதீங்க, தப்பு"னு கத்துனேன், அவங்க என்கிட்ட சொல்லாம போக ஆரம்பிச்சாங்க, அது இன்னும் மோசம். அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம நானே அந்த ஆயா வீட்டுக்குப் போனேன். "இன்னாமா டாக்டரு, என் கைய நம்பலியா?"ன்னாங்க. நம்புறேன் ஆயா, எலும்பு ஒடஞ்சிருந்தா மட்டும் தொட வேணாம், அத எப்படிக் கண்டுபுடிக்கிறதுனு ஒண்ணு சொல்லித் தரேன்னேன்.

1992ல கனடால ஒட்டாவா டாக்டருங்க உண்டாக்குன ரூல் அது. கணுக்கால்ல ரெண்டு பக்கமும் முண்டு மாதிரி இருக்குல்ல, அந்த எலும்போட பின்பக்கமும் நுனியும் அமுக்குனா வலிக்குதா, சுண்டுவிரல்ல இருந்து பின்னால வந்தா பாதத்து நடுவுல வெளிப்பக்கம் ஒரு மேடு தட்டுப்படும், அங்க வலிக்குதா, உள்பக்க வளைவுக்கு மேல இருக்குற எலும்புல வலிக்குதா, அடி பட்ட ஒடனேயும் இப்பவும் நாலு அடி தானா எடுத்து வெக்க முடியலையா. இதுல ஒண்ணு இருந்தாலும் எக்ஸ்ரே. எதுவுமே இல்லன்னா எலும்பு ஒடஞ்சிருக்க வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. ஆயா கவனமா கேட்டுகிட்டாங்க, "நாலு அடி"ங்கிறது அவங்களுக்குப் புடிச்சிருச்சு. இப்ப அவங்களே "நடடி பாக்கலாம்"னு நடக்க விட்டுப் பாத்து, முடியலன்னா மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி விடுறாங்க. பிசகுன மொத ரெண்டு மூணு நாள் உருவக்கூடாதுங்கிறத மட்டும் இன்னும் ஒத்துக்கல, பேசிட்டுதான் இருக்கோம்.

பொம்பளயா இருக்குறதால இந்த வேலைல எனக்குக் கெடச்ச பெரிய பலம் எதுன்னா, பொண்ணுங்க உண்மையச் சொல்லுவாங்க. பி.டி. சார்கிட்ட "வயித்து வலி சார்"ங்கிறதோட நிக்கும். என்கிட்ட மூணு மாசமா பீரியட்ஸ் வரலக்கான்னு சொல்லுவாங்க. அது நல்லது, தொந்தரவு இல்லன்னு வேற நினைச்சிட்டு இருப்பாங்க. ஓடுற ஓட்டத்துக்கு சாப்பாடு பத்தலைனா ஒடம்பு முதல்ல நிறுத்துறது அதத்தான், அடுத்து எலும்பு வீக்காகி கீழ்க்கால்ல கோடு மாதிரி கீறல் விடும். உலக ஒலிம்பிக் கமிட்டியே 2014ல இதுக்கு ரெட் எஸ்னு பேரு வச்சு எச்சரிச்சது. எங்க பொண்ணுங்க நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கத்து கிராமத்துல இருந்து முதல் பஸ்ஸப் புடிச்சு, டீய மட்டும் குடிச்சிட்டு ஆறு மணிக்கு பிராக்டிஸ் வந்து, பத்தரைக்கு கேன்டீன்ல ஒரு போண்டா. இதுல ரத்தம் எப்படி ஊறும்?

ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வுல தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல 53 சதவீதத்துக்கு மேல ரத்தசோகை. டீம்ல பாதிப் பேரு மூச்சு வாங்குறது ஸ்டாமினா பிரச்சனையே இல்ல. ஹீமோகுளோபின் 12க்குக் கீழ இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துல டெஸ்டும் இரும்புச்சத்து மாத்திரையும் ஃப்ரீ, நான் சீசன் ஆரம்பத்துல மொத்த டீமையும் கூட்டிட்டுப் போயிடுவேன். மாத்திரைய டீயோட முழுங்காதீங்க, நெல்லிக்காயோ எலுமிச்சை ஜூஸோ கூட எடுங்கனு சொல்லணும், இத யாருமே அவங்களுக்குச் சொல்றதில்ல. பிராக்டிஸ் பையில ரெண்டு கடலை மிட்டாயும் ஒரு வாழைப்பழமும் கட்டாயம். ஸ்போர்ட்ஸ் பிரா பத்தியும் கூச்சப்படாம பேசுங்க, அது இல்லாம முதுகு வலின்னு வந்து நின்ன பொண்ணுங்க எத்தனை பேரு.

பசங்களுக்கும் நான்தான் பாக்குறேன், இதப் பத்தி நிறையப் பேரு கேக்குறாங்க. தொடை இடுக்குல தசை இழுத்துக்கும், தொடைக்குப் பின்பக்க ஹேம்ஸ்ட்ரிங் தசை கிழியும், பாத்துதான் ஆகணும். நான் வச்சிருக்குற முறை: கதவு தொறந்தே இருக்கும், மூணாவது ஆளு ஒருத்தரு ரூம்ல இருப்பாங்க, தொடுறதுக்கு முன்னாடி எங்க தொடப்போறேன் எதுக்குன்னு சொல்லி சரியான்னு கேட்டுட்டுதான் கை வெப்பேன், டவல் போட்டு மூடி வேணுங்கிற எடம் மட்டும் வெளிய. ஒவ்வொரு வாட்டியும், தெரிஞ்ச பையனா இருந்தாலும். ஒருத்தன் தப்பாப் பேசுனான், அன்னைக்கே தேதி நேரத்தோட எழுதி காலேஜ் உள்புகார் கமிட்டிக்குக் குடுத்தேன். 2013 சட்டப்படி அந்தக் கமிட்டி எல்லாக் காலேஜ்லயும் இருந்தே ஆகணும், சேர்ற அன்னைக்கே அதுல யாரு இருக்காங்கனு தெரிஞ்சு வச்சுக்கோங்க. அவன் மன்னிப்புக் கேட்டான், மத்த பசங்க அக்கான்னு இன்னும் மரியாதையாதான் ஆனாங்க.

2019 மே மாசம் நடந்தத சொல்லணும். லாங் டிஸ்டன்ஸ் ஓடுற பொண்ணு, சாயங்காலம் நாலு மணி. நம்ம ஊரு கடக்கரை ஊரு, காத்துல ஈரம், வேர்வை வழியுமே தவிர காயாது, காயலைனா ஒடம்பு ஆறாது. கடைசி ரவுண்டுல தடுமாறுனா, புடிச்சு உக்கார வச்சா எந்தக் கிளாஸ்னு கேட்டதுக்கு அவங்க வீட்டு ஆட்டப் பத்திப் பேசுறா. ஒடம்பு பூரா வேர்வை, அதனால சுத்தி நின்னவங்க சாதா மயக்கம்னு சோடா வாங்க ஓடுனாங்க. ஹீட் ஸ்ட்ரோக்னா தோல் காஞ்சிருக்கும்னு ஒரு நினைப்பு இருக்கு, ஓடுறவங்களுக்கு அப்படி இல்ல, நனைஞ்சே இருப்பாங்க, பேச்சு கொழம்புதான்னுதான் பாக்கணும். அக்குள்ல வெக்கிற தெர்மாமீட்டர நம்பாதீங்க, உள்ள 40 டிகிரிக்கு மேல இருக்கும்போதும் அது கம்மியாக் காட்டும். நெனவு சரியில்லாதவங்க வாயில எதையும் ஊத்தவும் கூடாது.

வெயில் காலத்துல நான் ஓல்டு டவுன் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் ஃபேக்டரில, மீனுக்குப் போடுற ஐஸ்தான், ஒரு பார் வாங்கி ஒடச்சு தெர்மாகோல் பெட்டில வச்சிருப்பேன், கூட ஒரு தார்ப்பாய். அவள தார்ப்பாய்ல படுக்க வச்சு, நாலு பக்கமும் பொண்ணுங்க தூக்கிப் புடிச்சு தொட்டி மாதிரி பண்ணி, தலைய ஒருத்தி வெளிய தாங்கிகிட்டு, தண்ணியும் ஐஸும் கொட்டி ஆட்டிகிட்டே இருந்தோம். ஒருத்தி 108க்கு அடிச்சா. ஆம்புலன்ஸ் வந்ததும் தூக்கிப் போட அவசரப்பட்டாங்க, நான் கையெடுத்துக் கும்பிட்டு இன்னும் அஞ்சு நிமிஷம்னேன். முதல்ல குளுர வெக்கணும், அப்புறம்தான் ஏத்தணும், அரை மணி நேரத்துக்குள்ள சூடு எறங்கிட்டா பொழச்சுக்குவாங்க. பத்து பன்னெண்டு நிமிஷத்துல "அக்கா குளுருது"ன்னா. என் வாழ்க்கைல அத விட நல்ல வார்த்தைய நான் கேட்டதில்ல. அடுத்த நாள்லேர்ந்து மே மாசம் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி ஓட்டம் கெடையாதுனு காலேஜ் சர்க்குலரே வந்துச்சு.

காசு விஷயம். நான் படிச்ச பி.பி.டி., அதாவது பிசியோதெரபி டிகிரி, நாலரை வருஷம், ரெண்டு வருஷம் பாண்டிச்சேரில ஒரு ஆஸ்பத்திரி, அப்புறம் எம்.பி.டி. ஸ்போர்ட்ஸ். இவ்ளோ படிச்சிட்டு காலேஜ்ல ஆரம்பச் சம்பளம் 12,000, அதுவும் பத்து மாசத்துக்குதான். அதனால காலைல மஞ்சக்குப்பத்துல சின்ன கிளினிக், சாயங்காலம் கிரவுண்ட், சனிக்கெழம கன்னியக்கோயில் வழியா பஸ் ஏறி பாண்டி உப்பளத்துல டோர்னமெண்ட் டியூட்டி. கொரோனால காலேஜ் மூடுனப்ப கிளினிக்தான் சோறு போட்டுச்சு. ஒரே எடத்த நம்பாதீங்க. ஆர்டர்ல பதவி பேரு 'பிசியோதெரபிஸ்ட்'னு இருக்கானு பாருங்க, என் முதல் ஆர்டர்ல 'உதவியாளர்'னு இருந்துச்சு, ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் கணக்குல வராமப் போச்சு. 2021 சட்டத்துக்கு அப்புறம் நம்ம தொழிலுக்கு தேசிய அளவுல ஆணையமும் வந்துருச்சு, ரிஜிஸ்ட்ரேஷன தள்ளிப் போடாதீங்க.

வீட்ல, "ராத்திரி எட்டு மணிக்கு கிரவுண்ட்ல என்ன வேலை"னு மாமியார் கேட்டாங்க. ஒரு நாள் கூட்டிட்டு வந்து அந்த பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சேன். அதுக்கப்புறம் கேக்கல. பையன் வயித்துல இருந்தப்ப ஏழு மாசம் வரைக்கும் போனேன், லீவுல என் நோட்ட பார்த்துக்க என் ஸ்டூடண்ட் ஒருத்திய பழக்கி விட்டேன், இல்லன்னா திரும்பி வரும்போது அந்த சேர் எனக்கு இருந்திருக்குமான்னு தெரியாது.

2018ல தமிழ்நாடு பொண்ணுங்க மணிப்பூர ஜெயிச்சு தேசிய ஃபுட்பால் சாம்பியன் ஆனாங்க, நம்ம கடலூர் இந்துமதி கதிரேசன் ஆடுன டீம். அதுக்கப்புறம் கிரவுண்டுக்கு வர்ற பொண்ணுங்க அதிகமாயிட்டாங்க, போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா கெடைக்கும்கிற நம்பிக்கையோட. ஒரு சர்டிபிகேட்டுக்கு ஒரு குடும்பமே காத்துகிட்டு இருக்கும். வேணாம்னு சொல்றது அதனாலயே இன்னும் பாரமாயிருச்சு.

2021 டிசம்பர், செலக்‌ஷன் மேட்ச். எங்க ஸ்ட்ரைக்கர் பொண்ணு ஹெட்டருக்குப் போயி இன்னொருத்தி தலையில மோதிகிட்டா. எழுந்துட்டா, சிரிச்சா, ஒண்ணுமில்லக்கான்னா. எந்த காலேஜோட ஆடுறோம்னேன், யோசிச்சா. முதல்ல யாரு கோல் போட்டதுன்னேன், தெரியல. கோல் போட்டதே அவதான். தலையில அடி பட்டு இப்படி இருந்தா அன்னைக்கு மறுபடி எறக்கவே கூடாது, அடுத்த அடி சின்னதா இருந்தாலும் மூளைக்கு ஆபத்து. நோட்டத் தொறந்து எழுதி கோச் சார்கிட்ட நீட்டுனேன். "அவ இன்னைக்கு ஆட மாட்டா சார்." அவரு என்னைப் பாத்தாரு, நோட்டப் பாத்தாரு, சப்ஸ்டிட்யூட்ட கூப்ட்டாரு.

அவ அழுத அழுக இருக்கே. "என் சர்டிபிகேட்ட கெடுத்துட்டீங்க"ன்னு பஸ்ல அத்தன பேரு முன்னாடி சொன்னா. அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி அவங்க அம்மாவுக்கு ஃபோன் பண்ணி, வாந்தி எடுத்தாளா, தலைவலி ஏறுதான்னு கேட்டுகிட்டே இருந்தேன். அவ ஃபோன எடுத்துப் பேசவே இல்ல. ஆறு நாள் கிரவுண்டுப் பக்கமே வரல. ஏழாவது நாள் சாயங்காலம் வந்து, சேர் பக்கத்துல நின்னு, எதுவும் பேசாம நோட்ட எடுத்து அவளே தேதி போட்டு, தலைவலிக்கு எதிர்ல பத்துக்கு 2னு எழுதி கையெழுத்துப் போட்டா. இன்னும் முழுசாப் போகலையான்னேன். "இல்லக்கா"ன்னா. அப்ப உக்காருன்னு பக்கத்துல எடம் விட்டேன்.